தெளிந்த தண்ணீர், நல்ல தண்ணீர்

ஆறு தங்கமீன்களில் கடைசி மீனும் செத்துப் போன காலையில் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த என் மகளின் ஓவியம் தண்ணீருக்குள்ளாகத் துல்லியமாகத் தெரிந்தது. ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது, குமிழி வந்துகொண்டிருந்தது. மீன் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மேலே கிடந்தது.

"தண்ணி சுத்தமாத்தானேம்மா இருக்கு? அப்புறம் ஏன்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. 2021-ஆம் ஆண்டு. பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த காலம். துணைக்கு இருக்கட்டும் என்றுதான் இரண்டடித் தொட்டியும் மீனும் வாங்கினோம். பத்தே நாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடியதில்தான் இந்த நான்கைந்து வருடங்களும் போயின. "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" என்று இப்போது அக்கம்பக்கத்தில், அலுவலகத்தில் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்ல முடிவதில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது செம்மண் கரைந்து காபி நிறத்தில் வரும். பாட்டி மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பாள். காலையில் பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஆனால் அந்தத் தெளிவைப் பார்த்து அப்படியே மொண்டு குடிக்க விடமாட்டாள். "தெளிஞ்சா மட்டும் போதுமா? காய வேணாமா?" என்று அடுப்பில் ஏற்றிவிடுவாள். தெளிவு வேறு, நல்லது வேறு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பானைத் தண்ணீரில் அவள் பார்த்ததை நான் தொட்டித் தண்ணீரில் பார்க்கவில்லை.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விடுகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. கொஞ்சமாக இருக்கும்போது வாசனையும் தெரியாது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போக இடம் இருக்கிறது. 70 லிட்டர் தொட்டியில் ஆறு தங்கமீன்களை அடைத்து, அவை பசிக்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிற அழகுக்கு மயங்கி மூன்று வேளை தீனி போட்டால், அது போக வழியே இல்லை. தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது.

கடைசி மீனைச் செம்பருத்திச் செடியடியில் புதைத்த பிறகு ஒரு சோதனைக் கிட் வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து இரண்டு பாட்டிலிலிருந்து சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. எங்கள் குழாய் கருவேப்பிலைப் பச்சைக்குப் போனது. மகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்திலேயே தொட்டி, பளிங்கு மாதிரி.

சரி, அப்போது ஃபில்டர் என்ன செய்துகொண்டிருந்தது? தூசியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. புது ஃபில்டரால் அதுதான் முடியும். அம்மோனியாவைத் தின்கிற வேலையை மோட்டார் செய்வதில்லை, பாக்டீரியா செய்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான், ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும், செடி இருந்தால் செடியும் எடுத்துக்கொள்ளும். எங்கள் தொட்டியின் ஓரத்தில் வேரை மட்டும் தண்ணீரில் விட்டு ஒரு மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு எந்தச் செடியும் அவ்வளவு செழிப்பாக வளர்ந்ததில்லை.

இப்படி அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களை மண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர், 1890 வாக்கில். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல்தான் தெரியவந்தது. 2015-இல் இன்னொரு வியப்பு: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவேலையையும் தனியாகவே செய்துவிடுகிற நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று, ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரிலிருந்துதான் மாதிரியை எடுத்திருந்தது. இதைப் படித்த இரவு எழுந்து போய்த் தொட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டுப் பஞ்சுக்குள் இவ்வளவு நடக்கிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகும். புதுத்தொட்டியில் அவை போதுமான அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நாங்களோ தொட்டி வாங்கிய அன்று மாலையே ஆறு மீனையும் விட்டோம். கடையில் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்காம் நாள் மீன் சோர்ந்தபோது முழுத்தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை அலசி, நீல மருந்தும் ஊற்றினோம். ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் அதோடு போய்விட்டது. அந்த நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு நல்லது, ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். மருந்து கொடுப்பதாக இருந்தால் மீனைத் தனி வாளிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மறுபடி தொட்டி வைக்கும் துணிச்சல் வர மூன்று மாதமானது. இந்த முறை கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் அலங்கார மீன் என்றால் கொளத்தூர்தான். கடைகளைத் தாண்டி உள்ளே போனால் வீட்டு மொட்டை மாடிகளிலும் பின்கட்டுகளிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவர்களைப் பார்க்கலாம். அங்கே ஒரு பெரியவரிடம் நல்ல ஃபில்டர் எது என்று கேட்டேன். அவர் பதிலுக்கு என்னைக் கேட்டார்: "தண்ணி எங்கருந்தும்மா புடிக்கிறீங்க? போரா, மெட்ரோவா, லாரியா?"

மடிப்பாக்கம், போர் தண்ணீர் என்றேன். "பக்கெட்ல வெள்ளையா படியுதா?" படியும். குழாய் முனையில் சுண்ணாம்பு பூத்த மாதிரி நிற்கும், வாரம் ஒருமுறை புளியோ வினிகரோ போட்டுத் தேய்க்க வேண்டும். "அப்போ மோலி வளங்க, கப்பி வளங்க. டெட்ரா கேக்காதீங்க" என்றார்.

அந்த நல்ல வார்த்தையை நான் கேட்கவில்லை. என் மகள் நியான் டெட்ராவின் நீலக்கோட்டில் மனதைப் பறிகொடுத்திருந்தாள். பெரியவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் விலைக்கு வாங்க முடியாத ஒன்றைக் கொடுத்தார். ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்து, பிழியாமல், அதே தண்ணீரோடு கவரில் போட்டு முடிச்சிட்டுத் தந்தார். "இதை உங்க ஃபில்டர் பக்கத்துலயே வைங்க. நேரா வீட்டுக்குப் போங்க, வெயில்ல வச்சிடாதீங்க." தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. அந்த உறையால்தான் இரண்டாவது தொட்டி பிழைத்தது. மூன்றாம் வாரமே சோதனைக் குழாய் மஞ்சளில் நின்றது.

டெட்ராக்கள் மென்மையான தண்ணீர், அதாவது உப்புச் சத்து குறைந்த தண்ணீர் மீன்கள், அமேசான் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்காக, உப்பை வடிகட்டி எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணீர் தேடிப் போனேன். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருந்த மெஷினைச் சர்வீஸ் செய்ய வந்தவர் மீட்டரை முக்கிக் காட்டினார். கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். போர் தண்ணீரில் 1150, ஆர்.ஓ. தண்ணீரில் 60. "மீனுக்கும் இதையே ஊத்துங்க மேடம், நம்பர் ஒன்" என்றார். அப்படியே செய்தேன்.

ஆறு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏழாம் வாரம் டெட்ராக்கள் மூலையில் ஒடுங்கின. தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். பார்த்தால் 6-க்கும் கீழே; 7-க்குக் கீழே போகப் போக அமிலம். எனக்குப் புரியவில்லை. ஏதோ சத்துக்குறைவு என்று நினைத்து ஒரு பக்கெட் போர் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. பதினொன்றில் நான்குதான் மிஞ்சின.

என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரைப் பார்த்து மயங்குகிற எல்லோருக்கும் இது தேவைப்படும். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கார்பனேட் உப்பு இருந்தால் அந்த அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 கிராம் அளவுக்குக் கார்பனேட் காரத்தன்மை செலவாகும். போர் தண்ணீரில் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அதனால் வாரா வாரம் பி.எச். சரிந்துகொண்டே வந்திருக்கிறது. 6-க்குக் கீழே போனதும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கொல்லாத வடிவத்தில் இருக்கும். நான் பி.எச். 8-க்குப் பக்கத்தில் இருந்த போர் தண்ணீரை ஊற்றியதும் அதில் ஒரு பங்கு நிஜ விஷமாக மாறிவிட்டது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. நம் ஊர் வெயிலும் நம் ஊர் நிலத்தடி நீரும் சேர்ந்தால் அம்மோனியா விஷயத்தில் மெத்தனமே கூடாது என்பது இதனால்தான்.

ஆர்.ஓ. மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை. மென்மையான தண்ணீர் தேவைப்படும் மீனை வளர்க்கிறவர்கள் ஆர்.ஓ. தண்ணீரில் அளந்து உப்புச் சத்துகளைச் சேர்த்தோ, போர் தண்ணீரைக் கலந்தோ பயன்படுத்துகிறார்கள். கலக்கும் விகிதத்தை ஒவ்வொரு முறையும் மாறாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் செய்யலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகக் கழிவுத் தண்ணீர் போகிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நானும் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகுதான் கொளத்தூர்ப் பெரியவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது. வீட்டில் வருகிற தண்ணீரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கிற மீனைத் தேட வேண்டும். ஃபில்டர் அதற்குப் பிறகு. மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் பிறந்து வளர்ந்து பெருகுகிறவை. மிஞ்சிய நான்கு டெட்ராக்களை, அவற்றுக்கு ஏற்ற தண்ணீர் வைத்திருந்த ஒரு தோழியிடம் கொடுத்தோம். மகள் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். "அதுங்களுக்கு இந்தத் தண்ணி பிடிக்கலைன்னா நாம என்ன பண்றது?" என்று அவளே கவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

மெட்ரோ தண்ணீர்க்காரர்களுக்கு, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறவர்களுக்குக் கவலை வேறு. குடிநீர்க் குழாயில் கிருமி வராமல் இருக்கக் குளோரின் விடுகிறார்கள், அது நமக்கு அவசியம். லாரித் தண்ணீரில் சில நாள் மூக்கில் ஏறும். மீனின் செவுளுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. அகன்ற டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், காற்றைக் குமிழியாக விடுகிற ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்கு ஹைப்போ. முன்பு போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில் படம் கழுவப் பயன்படுத்தினார்களே, அதே படிகம்தான். மீன் கடையில் சொட்டு மருந்தாகவே கிடைக்கிறது. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் அதையும் ஒரு ராத்திரி பிடித்து வைத்துவிட்டு ஊற்றுவதே நல்லது. பூமிக்கடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவு. மே மாதம் என்றால் இன்னொன்றும் உண்டு: மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதை நேராக ஊற்றிவிடாதீர்கள்.

இனி ஃபில்டர்.

கடையில் முதலில் கையில் கொடுப்பது இன்டர்னல் ஃபில்டர், தொட்டிக்குள் ஒட்டி வைக்கிற சின்ன மோட்டார். தண்ணீரை வேகமாகச் சுழற்றும், ஆனால் உள்ளே இருக்கும் பஞ்சு தீப்பெட்டி அளவுதான். பாக்டீரியா குடியிருக்க அந்த இடம் போதாது. மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடும் தண்ணீரில்தான் இறங்கும். பெட்டியில் போட்டிருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்ற கணக்கு வெறும் மோட்டாருக்கானது. பஞ்சு வைத்து, அதில் அழுக்கும் சேர்ந்த பிறகு அந்த வேகம் வராது. மணிக்குத் தொட்டித் தண்ணீர் நான்கைந்து முறை ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. அதைவிட உள்ளே பாக்டீரியாவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தொட்டி விளிம்பில் மாட்டுகிற ஹேங் ஆன் ஃபில்டர் பார்க்க அழகு. தண்ணீர் அருவி மாதிரி விழுவதால் ஆக்சிஜனும் சேரும். அதில் சில வகைகளில் மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் பாக்டீரியாவையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் சாதாரண ஸ்பாஞ்சும், பாக்டீரியா குடியிருக்கச் செராமிக் வளையமும் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் ஓடும். ஆனால் கரண்ட் போய் வந்தால் சில மாடல்கள் தானாகத் தண்ணீரை இழுக்காது, மோட்டார் வறண்டு ஓடிப் புகைந்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அப்படி ஆனால் கஷ்டம். தொட்டிக்கு மேல் வைக்கிற டாப் ஃபில்டர் நல்ல தேர்வு, விலையும் குறைவு. மூடியைத் திறந்தாலே பஞ்சைப் பார்க்கலாம், கழுவலாம். தங்கமீன் வளர்க்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

யு.வி. என்கிற புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிவாக்கும், மிதக்கிற பாசியைக் கொல்லும். அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. கார்பன் நிறத்தையும் வாசனையையும் மிஞ்சிய மருந்தையும் உறிஞ்சும், சில வாரத்தில் தீர்ந்துவிடும். அதுவும் அம்மோனியாவைத் தொடாது. இவை இரண்டும் இல்லாமலே தொட்டி நடத்தலாம்.

கேனிஸ்டரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மிகவும் ஆசைப்பட்டு வாங்கினேன். 2022-இல் மூன்றடித் தொட்டிக்கு மாறினோம், ஏறக்குறைய 160 லிட்டர். கீழே அலமாரிக்குள் மூடிய டப்பாவாக உட்கார்ந்திருக்கும் கேனிஸ்டர். மூன்று தட்டு. முதலில் கரடுமுரடு ஸ்பாஞ்ச், அடுத்து நிறைய வளையங்கள், கடைசியில் மெல்லிய பஞ்சு. சத்தமே இல்லை. தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. ஒன்றரை வருடம் குறை சொல்ல எதுவுமில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில் நின்றன. நாங்கள் முதல் மாடி, அதனால் வீட்டுக்குள் வரவில்லை. கரண்ட் அன்று அதிகாலையிலேயே போய்விட்டது, மூன்று நாள் வரவில்லை. இன்வெர்ட்டர் அன்று மாலையோடு தீர்ந்தது. ஃபில்டர் நின்றது. இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மோலிகள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயை ஒட்டி நின்றன.

சொம்பை எடுத்தேன். தொட்டித் தண்ணீரை மொண்டு, முழங்கை உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன். விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் ஊற்றி, பத்து நிமிடம் இடைவெளி. மகள் தூங்க மாட்டேன் என்றாள். அவளும் நானும் மாறி மாறி ஊற்றினோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குமிழி கீழே இறங்கி, சிதறி, மேலே வரும். மீன்கள் அந்தக் குமிழியைச் சுற்றி வந்தன. வெளியே தெருவில் தவளைச் சத்தமும், எங்கோ தூரத்தில் படகில் ஆள் ஏற்றுகிற குரல்களும். விடிகாலை நான்கு மணிக்கு அவள் சொம்பைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மூன்று நாளும் அப்படித்தான் போயின, இரண்டே இரண்டு மீன் தவிர எதுவும் சாகவில்லை. கரண்ட் வந்ததும் முதல் வேலையாகக் கேனிஸ்டரைப் போடக் கை நீட்டினேன். ஏதோ தோன்றி, போடாமல் மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியாக்கள் செத்து, அவை உடைந்து, தண்ணீர் விஷமாகியிருந்தது. அப்படியே சுவிட்சைப் போட்டிருந்தால் அந்தக் கருந்தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் போயிருக்கும். மூன்று ராத்திரி சொம்பு பிடித்ததற்கு ஒரு நிமிடத்தில் பலன் இல்லாமல் போயிருக்கும். கேனிஸ்டர் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: கரண்ட் பல மணி நேரம் போய் வந்தால், திறந்து அலசாமல் ஓட விடாதீர்கள்.

இப்போது எங்கள் மூன்றடித் தொட்டியில் இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள், ஆளுக்கொரு மூலையில். ஏர் பம்ப் காற்றைத் தள்ளுகிறது, குமிழி குழாய் வழியாக மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அந்த இடத்தை நிரப்பப் புதுத்தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக நுழைகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். கொளத்தூர்ச் சிமெண்ட் தொட்டிகளில் நான் பார்த்ததும் இதுதான். ஸ்பாஞ்ச் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் கரண்ட் போனாலும் பாக்டீரியாக்கள் தொட்டித் தண்ணீரின் ஆக்சிஜனில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை அதே குழாயில் மாட்டிவிடலாம். குஞ்சுகள் உள்ளே இழுபடாது. மோலிக் குஞ்சுகள் அந்த ஸ்பாஞ்சின் மேலேயே மேய்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் தங்குவது குறைவு, 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அந்தக் குறைக்கும் இந்தக் குமிழி ஈடு கொடுக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏர் பம்ப் சத்தம் போடும், அதைத் தடித்த துணி மேல் வைத்தால் கொஞ்சம் அடங்கும். தொட்டிக்குள் இடத்தை அடைக்கும். மெல்லிய தூசியை எல்லாம் பிடிக்காது, கேனிஸ்டர் கொடுத்த அந்தப் பளிங்குத் தெளிவு இப்போது இல்லை. தண்ணீரில் லேசான மஞ்சள் இருக்கிறது, வெளிச்சத்தில் ஒன்றிரண்டு துகள் மிதப்பது தெரியும். அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவே நிற்கிறது. மீன் குட்டி போடுகிறது. எனக்கு இது போதும். இன்னொன்று: ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு போட வேண்டும். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கி பம்புக்குள்ளும் பிளக்கிலும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பாஞ்ச் அலசும் நாள். இரண்டையும் ஒரே வாரம் அலசுவதில்லை. தொட்டியிலிருந்து கால் பங்குத் தண்ணீரை வாளியில் இறக்கி, அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டு அப்படியே திரும்ப வைக்கிறோம். வெள்ளையாகும்வரை கசக்குவதில்லை. வாளி கஷாய நிறத்துக்கு மாறும். நல்ல ஸ்பாஞ்சுக்கு முதல் மழையில் மண் விடுகிற வாசனை இருக்கும். மகள் பிழிவதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்பாள். அந்தத் தண்ணீரை மொட்டை மாடிச் செடிகளுக்கும், கீழே செம்பருத்திக்கும் ஊற்றுகிறோம்.

மேல்வீட்டுப் பையன் பொங்கலுக்குத் தொட்டி வாங்கப் போகிறான். போர் தண்ணீர்தான், அதனால் கப்பி என்று முடிவாகிவிட்டது. மூன்று வாரமாக எங்கள் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மகள் அதன் மேல் ரப்பர் பேண்டு ஒன்றைச் சுற்றிவிட்டாள், எது அவனுடையது என்று குழப்பம் வரக்கூடாதாம்.